உங்களுக்குத் தெரியுமா? - போஸ்ட் போடும் கடைக்காரர்கள்

டிராக்டருக்குப் பேர்போன ஜான் டீர் கம்பெனி 1895-லிருந்து விவசாயிகளுக்காக ‘தி ஃபர்ரோ’ என்ற இதழை நடத்துகிறது. இன்றும் வருகிறது. ஆரம்பித்தபோது அவர்கள் டிராக்டரே செய்யவில்லை, கலப்பைதான்!

*

மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றி வாக்கிங் போகிறவர்களே, அந்தப் பெயருக்குரியவர்தான் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியவர். புதுத் தைலத்தை யார் வாங்குவார்கள்? சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய், வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். கூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே நாம் போக வேண்டும். அன்று கச்சேரி மேடை, இன்று இன்ஸ்டாகிராம்.

*

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ வெறும் 19 விநாடி. 2005 ஏப்ரல் 23 அன்று ஏறிய அதில், சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, யூடியூப் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். லைட்டிங் இல்லை, மியூசிக் இல்லை. ‘நல்ல கேமரா வாங்கிட்டு ஆரம்பிக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒருமுறை பார்க்கலாம்.

*

‘21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும்’ என்கிறார்களே, அதன் மூலம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்! மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதிய புத்தகத்தில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்ற மாதிரி சொல்லியிருந்தார். ‘குறைந்தது’ வழியிலேயே காணாமல் போய்விட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லேலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய எடுத்துக்கொண்டது சுமார் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது. நமக்கு வேண்டிய சேதி இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை. நம் ஆட்களோ தீபாவளி வியாபாரத்தில் இரண்டு போஸ்ட் விட்டுப்போனால், பொங்கல்வரை அந்தப் பக்கமே போவதில்லை.

அந்த ஆய்வில் எல்லோரும் புதுப் பழக்கத்தைத் தினமும் வரும் ஏதோ ஒரு வேளையோடு முடிந்துகொண்டார்கள், காலைச் சாப்பாடு முடிந்ததும் என்பதுபோல. கடைக்காரருக்கு இது இன்னும் சுலபம். ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும், புதுச் சரக்கை ஒரு போட்டோ. கல்லாவில் உட்கார்ந்த பிறகு நேரம் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

*

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஒரு குட்டி ஊர். 2008 பொருளாதாரச் சரிவில் ஜென்னி டோன் குடும்பத்தின் சேமிப்பு கரைந்துபோனது. அம்மாவுக்கு ஒரு வருமானம் வரட்டும் என்று பிள்ளைகள் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெரிய மெஷின் ஒன்றை வாங்கிக்கொடுத்தார்கள். தேடி வர ஊரில் ஆள் வேண்டுமே? தைப்பது எப்படி என்று யூடியூபில் டுடோரியல் போடலாமா என்று மகன் கேட்டபோது, டுடோரியல் என்றால் என்னவென்றே அம்மாவுக்குத் தெரியாது.

வாரம் ஒரு பாடம் என்று வந்துகொண்டே இருந்தது. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதை அவரே நடுவயதில்தான் வகுப்புக்குப் போய்க் கற்றார். அதனாலோ என்னவோ, புதிதாக ஊசி பிடிப்பவருக்கு எங்கே சிக்கும் என்று தெரிந்து பேசுவார். அளவாக வெட்டிவைத்த துணிக்கட்டுகளை வைத்தே தைத்துக் காட்டுவார், அதே கட்டு கடையிலும் கிடைக்கும். ‘வாங்க, வாங்க’ என்று கூவவே வேண்டியிருக்கவில்லை. இன்று மிசௌரி ஸ்டார் குயில்ட் கம்பெனிக்கு அந்த ஊரின் கடைத்தெருவிலேயே பல கடைகள். போர்வைப் பிரியர்கள் வெளியூர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள்.

*

புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல், ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல். ஆண்டு 2021. தாத்தா, வயல்வெளி, பெரிய அண்டா, ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கச் சொல்லிப் போடுவது என்று வீடியோவின் அச்சு மாறுவதே இல்லை. சமையல்தான் மாறும். ‘இன்றைக்கு என்ன மாதிரி எடுப்பது?’ என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க.

*

நியூஜெர்சியில் அப்பாவின் மதுக்கடையை நடத்திய கேரி வேய்னர்சக், 2006-ல் ஒயின் பற்றி இணைய வீடியோவில் பேசத் தொடங்கி, 2011-ல் 1000-வது எபிசோடுடன் அந்த நிகழ்ச்சியை நிறுத்தினார். பெரும்பாலும் ஒரே டேக்.

*

தினமும் முடியவில்லையா? ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறேழு எடுத்துவைத்து, இன்ஸ்டாகிராமின் பிசினஸ் கணக்கில் தேதி, நேரம் குறித்துவிடலாம். சொன்ன நேரத்தில் அதுவே போட்டுக்கொள்ளும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் ‘இன்று மட்டும் தள்ளுபடி’ அங்கே. ‘பட்டுப்புடவை எப்படித் துவைப்பது?’ போன்றவை யூடியூபில். வருஷம் கழித்தும் யாராவது தேடி வருவார்கள்.

*

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்காக மாற்றியதும் ரீல்ஸில் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காமல் போகும். போனில் கோளாறு இல்லை, வியாபார உபயோகத்துக்கு உரிமை கிடையாது. அதற்கென்று இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா ஒரு தனி இசைத் தொகுப்பைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கிறது. அதுவும் பிடிக்காவிட்டால் நீங்களே பேசுங்கள். விலையையும் அப்போதே சொல்லிவிட்டால், ‘இன்பாக்ஸ் பண்ணுங்க’ வேலை மிச்சம்.