பந்துக்குள் ஒரு கார்

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர் விழாவில், வெள்ளையும் ஆரஞ்சுமான ஒரு பந்து மேடைக்கு உருண்டு வந்தது. பந்து உருள உருள, அதன்மேல் இருந்த தலை மட்டும் விழாமல் நிமிர்ந்தே நின்றது. முன்னோட்டத்தில் பார்த்தபோது அதைக் கணினி வரைகலை என்று நினைத்திருந்தவர்கள் ஆர்ப்பரித்துவிட்டார்கள். அதுதான் பிபி-8.

வீட்டில் ரோபோ செய்வதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். 2013இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகர விழாவில், தாங்களே செய்த ஆர்2-டி2 ரோபோக்களோடு வந்திருந்த பிரிட்டிஷ் ரசிகர்கள் இருவர் லீ டவர்சியும் ஆலிவர் ஸ்டீபிள்ஸும். அடுத்து வந்த ஸ்டார் வார்ஸ் படத்திலேயே அவர்களுக்கு ரோபோ செய்யும் வேலை கிடைத்தது.

நம் சபை வாலிபர் சிலர் இந்தக் கோடை விடுமுறையில் ஒரு பிபி-8 செய்யப்போகிறார்கள். முடித்ததும் அதை மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோக ஆசை. நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் தாதி. போன குளிர்காலத்தில் பேஸ்மெண்டில் என் தம்பியோடு ஒன்று செய்தும் பார்த்தவள். அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

முதலில் செய்முறை. வெள்ளெலி கூண்டுச் சக்கரத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எலி மேலே ஏற ஏற, அதன் எடை சக்கரத்தைச் சுற்றவைக்கும். இங்கே எலிக்குப் பதில் ஒரு ரிமோட் கார். அதன் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தை மட்டும் எடுங்கள். இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி மோட்டார் உள்ள கார் என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும்; அதுவே நல்லது. இரண்டு பாதியாகப் பிரியும் 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை போதும். அது கிடைக்காவிட்டால், கடற்கரைப் பந்தின்மேல் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் வெட்டி எடுக்கலாம்.

காரின் நடுவில் ஒரு தண்டு நிறுத்தி, அதன் உச்சியில் காந்தம் பொருத்துங்கள். உச்சிக்கும் பந்தின் கூரைக்கும் இடையில் சிறு இடைவெளி போதும். வெளியே இருக்கும் தலையின் அடியிலும் காந்தம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் பக்கமாக இருக்கிறதா என்று ஒட்டுமுன் பாருங்கள். தலை வழுக்கி ஓட, தீர்ந்துபோன ரோல்-ஆன் வாசனைப் போத்தல்களின் உருண்டைகளைத் தலையடியில் பொருத்தலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எடைதான். தலை தெர்மோகோல் போல லேசாகவும், அடிச்சட்டம் கனமாகவும் இருக்க வேண்டும். மேலே கனம் கூடினால் கார் உள்ளேயே கவிழும். அடியில் இரும்பு நட்டுகளைக் கட்டிக் கனம் சேருங்கள். ஈயம் நஞ்சு, அது வேண்டாம். வேகமாகக் கிளப்பினாலும் கவிழும், மெதுவாக ஓட்டப் பழகுங்கள். அலுமினியத் தாளால் பந்தை மூடாதீர்கள், ரிமோட்டின் அலை உள்ளே போகாது.

இனி தாதியாகச் சொல்ல வேண்டியது. இந்த ரோபோவில் பயப்பட வேண்டிய பொருள் காந்தம். சின்ன, சக்திவாய்ந்த காந்தங்கள் இரண்டை ஒரு பிள்ளை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளுக்குள் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட குடலுக்கு இரத்தம் போகாமல் ஓட்டை விழலாம். முதலில் தெரிவது வாந்தியும் வயிற்றுவலியும்தான். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வீட்டார் இருந்துவிடுவார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல், வலி வரும்வரை காத்திராமல், அவசரப் பிரிவுக்குப் போங்கள். பொத்தான் பற்றரியும் அப்படித்தான். அது தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகச் சுட்டுவிடும்.

ஆகவே வாயில் போட முடியாத பெரிய காந்தங்களையே வாங்குங்கள். பசையோடு விடாமல், திருகாணி போட்ட மூடிக்குள் அடைத்துவிடுங்கள். வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் காந்தங்களை எண்ணுங்கள். அறுவைச் சிகிச்சை அறையில் பஞ்சையும் ஊசியையும் நாங்கள் எண்ணுவது போலத்தான். வீட்டில் தவழும் தம்பி தங்கை இருந்தால் இது கட்டாயம்.

வார்டுக்குக் கொண்டுபோகுமுன் அங்குள்ள தாதியரிடம் அனுமதி கேளுங்கள். மூளையில் நீர் சேரும் சில பிள்ளைகளுக்கு, நீரை வடியவைக்கும் வால்வு தலையில் பொருத்தியிருக்கும். காந்தம் அருகில் வந்தால் சில வகை வால்வுகளின் அளவு மாறிவிடலாம். காது கேட்க உள்ளே கருவி பொருத்திய பிள்ளைகளுக்கும் காந்தம் ஆகாது. பந்தின் மேற்பரப்பு கிருமிநாசினியால் துடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காகிதப் பந்துக்கு வார்னிஷ் பூசாமல் கொண்டுவராதீர்கள். துணி, பஞ்சு அலங்காரம் வேண்டாம்.

அனுமதி கிடைக்காவிட்டால் மனம் சோராதீர்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நடைபாதையில் அது உருண்டாலே போதும். படுக்கையில் பல நாள் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து பார்க்கும். அதற்காகவாவது, பந்து மூடியபின் யாருக்கும் தெரியாத உள்வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள்.