பெயர் நீக்கமும் தீவகத்தின் பிரதிநிதித்துவமும்

தீவகத்து மக்கள் நெடுங்காலமாக வணிகத்தில் பேர் பெற்றவர்கள். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களைச் சேர்ந்த பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தி வந்துள்ளனர். கடன் கொப்பி வைத்திருக்கும் எந்த முதலாளியும் ஆண்டு முடிவில் அதனைப் புரட்டிப் பார்ப்பார். நெடுநாளாகக் கடைப்பக்கம் வராதவரின் பெயரைப் புதிய கொப்பியில் எழுதாமல் விடுவார். சில்லறைக்கு மட்டும் வந்து போகிறவரின் பெயரையும் சில வேளை விட்டுவிடுவார்.

இன்றைய பெரிய நிறுவனங்கள் இதே வேலையைக் கணினியில் செய்கின்றன. வாடிக்கையாளர் கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவு தொகைக்கு வாங்கினார் என்ற மூன்று அளவுகோல்களால் அவரை நிறுத்துப் பார்க்கின்றன. செயலற்றவர்களும் பெறுமதி குறைந்தவர்களும் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றனர். வீணாகும் தபாற் செலவு குறைகின்றது. விற்பனைக் கணக்கும் தெளிவாகின்றது. இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. பெயர் நீக்கப்பட்டவர் வேறொரு கடைக்குப் போகலாம்.

ஆனால், அரசு வைத்திருக்கும் இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்டவருக்கு வேறொரு அரசு இல்லை. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படும் இந்நாட்டில், யாழ்ப்பாணத்தின் தீவுகளும் வடக்கின் முஸ்லிம் மக்களும் இந்த வேறுபாட்டை அனுபவத்தால் அறிந்தவர்கள். எனவே, இடாப்பிலிருந்து ஒரு பெயர் எவ்வாறு நீங்குகின்றது, அதனால் எது கைநழுவிப் போகின்றது என்பதை வாசகர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி, ஒருவர் தாம் வழக்கமாக வதியும் இடத்திலேயே பதியப்படுகின்றார். கிராம அலுவலர் வீடுகளுக்குச் சென்று விபரங்களைத் திரட்டுகின்றார். இறந்தவர்களும் இடம்பெயர்ந்து சென்றவர்களும் நீக்கத்துக்கு உரியவர்களாகக் குறிக்கப்படுகின்றனர். நீக்கப்படவுள்ள பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, உரிமைக் கோரிக்கைகளும் ஆட்சேபங்களும் ஏற்கப்படுகின்றன. அதன் பின்னரே இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படுகின்றது.

இந்த நடைமுறை தன்னளவில் நியாயமானதே. ஆனால், 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளின்போது தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையானது. அங்கிருந்து சென்றோர் குடாநாட்டிலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிதறினர். 1990 ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முற்றாக வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். அவர்களுள் பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாயினர். வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் பெயர் இடாப்பில் இருந்தது.

வெறும் பெயர்கள் நிறைந்த இடாப்பினால் என்ன நேரும் என்பதை 1994 ஆம் ஆண்டின் பொதுத் தேர்தல் காட்டியது. யாழ். தேர்தல் மாவட்டத்தில் அப்போது பதிவிலிருந்த வாக்காளர் 5 இலட்சத்து 96 ஆயிரத்துக்கும் அதிகம். குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால் அங்கு வாக்களிப்பு நடைபெறவில்லை. தீவகத்திலும் இடம்பெயர்ந்தோர் மத்தியிலும் விழுந்த சில ஆயிரம் வாக்குகளே முடிவைத் தீர்மானித்தன. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் சுயேச்சைக் குழு 10,744 வாக்குகளால் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 2,098 வாக்குகளால் ஓர் ஆசனத்தைப் பெற்றது. ஆகவே, இடாப்பைத் துப்புரவு செய்யவே கூடாது என்று எவரும் வாதிட முடியாது.

போர் முடிந்தபின் அத்துப்புரவு நடந்தது. 2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் பதிவு 7 இலட்சத்து 21 ஆயிரம், ஆசனங்கள் ஒன்பது. 2011 ஜூலையில், திருத்தப்பட்ட இடாப்பின் அடிப்படையில் ஆசனங்கள் ஆறாகக் குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த திருத்தத்தின் பின்னர் ஓர் ஆசனம் மீண்டது. 2015 ஆம் ஆண்டுத் தேர்தல் 5 இலட்சத்து 29 ஆயிரம் வாக்காளருடனும் ஏழு ஆசனங்களுடனும் நடைபெற்றது. 1989 ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துக்குப் பதினொரு ஆசனங்கள் இருந்தன என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆசனக் கணக்கு எப்படிப் போடப்படுகின்றது? 225 உறுப்பினர்களுள் 29 பேர் தேசியப் பட்டியலால் வருகின்றனர். எஞ்சிய 196 இல், மாகாணம் ஒன்றுக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் ஒதுக்கப்படுகின்றன. மீதி 160 ஆசனங்கள் பதியப்பட்ட வாக்காளரின் எண்ணிக்கைப்படி பங்கிடப்படுகின்றன. நாட்டின் மொத்தப் பதிவை 160 ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குரிய எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கையால் மாவட்டத்தின் பதிவை வகுக்க வேண்டும். முழு எண்ணுக்குரிய ஆசனங்கள் போக எஞ்சியிருப்பவை, பெரிய மீதியுள்ள மாவட்டங்களுக்கே செல்கின்றன.

2020 ஆம் ஆண்டில் யாழ். மாவட்டத்தின் பதிவு 5 இலட்சத்து 71 ஆயிரம். 2024 ஆம் ஆண்டில் 5 இலட்சத்து 93 ஆயிரம். பெயர்கள் கூடியும் ஆசனம் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தது. காரணம், நாட்டின் மொத்தப் பதிவு அதனிலும் வேகமாக வளர்ந்து 1 கோடி 71 இலட்சமாகியதேயாகும். வகுத்துப் பார்த்தால் முன்னர் ஏறத்தாழ 5.6 ஆக இருந்த யாழ்ப்பாணத்தின் பங்கு, பின்னர் ஏறத்தாழ 5.5 ஆயிற்று. மீதி சிறுத்தது, ஆசனம் போயிற்று. ஓர் ஆசனத்தின் தலைவிதியைச் சில ஆயிரம் பெயர்கள் தீர்மானிக்கக்கூடும் என்பதே இக்கணக்கு உணர்த்தும் பாடம்.

அவ்வாறாயின் எந்தப் பெயரை நீக்குவது, எதனை விடுவது? வாழ்வோரும் போனோரும் மட்டுமே இருவகையினர் அல்லர். இறந்தவர் வேறு, வெளிநாட்டிலே நிரந்தரமாகக் குடியேறி அந்நாட்டின் குடியுரிமை பெற்றவர் வேறு, துரத்தப்பட்டுத் திரும்ப வழியின்றி இருப்பவர் வேறு. மூவரும் வீட்டில் இல்லை என்பதற்காக மூவரையும் ஒரே கோட்டால் வெட்டுவது நியாயமாகாது. களை பிடுங்குபவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கலாகாது.

இந்த வேறுபாட்டைச் சட்டமே ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தாம் முன்னர் வாழ்ந்த இடத்திலே பதிவு பெறுவதற்கு இடமளித்தது. வங்கித்துறையிலும் இத்தகைய நிதானம் உண்டு. பத்து ஆண்டுகள் அசையாமற் கிடக்கும் கணக்கின் பணம் மத்திய வங்கிக்குச் செல்கின்றது. ஆயினும், உரியவரோ வாரிசோ பின்னர் வந்து கோரினால் பெற முடியும். கணக்கு மூடப்படுகின்றது, உரிமை மூடப்படுவதில்லை. பணத்துக்கு இருக்கும் இப்பாதுகாப்பு வாக்குரிமைக்கும் இருக்க வேண்டாமா?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய சிறு தீவுகளுக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. வணிகத்தில் சிறு தொகைக்கு வாங்குபவர் பெறுமதி குறைந்தவர். அதே மனப்பான்மை நிர்வாகத்தினுள் புகுந்தால், ஆட்கள் குறைந்த தீவுக்கு ஏன் படகுச் சேவை, ஏன் பாடசாலை, ஏன் வைத்தியர் என்ற கேள்விகள் எழும். ஆட்கள் குறைந்தமையால் வசதி குறையும். வசதி குறைந்தமையால் எஞ்சியோரும் போவர். நயினாதீவில் இருப்பவர் ஒரு விண்ணப்பத்துக்காக வேலணைப் பிரதேச செயலகம் செல்வதற்குப் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் உண்டு என்று தாளில் எழுதுவது சுலபம். தீவில் இருப்பவருக்கும் புத்தளத்தில் இருப்பவருக்கும் அந்த அவகாசம் எட்டவேண்டுமே.

எனவே நாம் வலியுறுத்துவது மூன்று விடயங்களை. முதலாவது, நீக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மரணமா, வெளிநாடா, இடப்பெயர்வா என்ற காரணம் குறிக்கப்படல் வேண்டும். இரண்டாவது, இடம்பெயர்ந்தோரின் பெயர் நீங்குமுன் அவர் இப்போதிருக்கும் இடத்துக்கு அறிவித்தல் செல்லவேண்டும். அவர்களுக்கெனத் தனிப்பட்டியல் பேணப்படவும் வேண்டும். மூன்றாவது, திருத்தக் காலத்தில் நடமாடும் சேவைகள் தீவுகளுக்கும் புத்தளத்துக்கும் செல்லவேண்டும்.

மக்களுக்கும் கடமையுண்டு. இறந்தவரின் பெயரை இடாப்பில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அது மற்றொருவர் கள்ள வாக்குப் போடத் திறந்து வைக்கும் கதவு. இரண்டு இடங்களிலே பதிந்து வைத்திருப்பது, உண்மையாகவே திரும்ப விரும்புவோர் மீதும் சந்தேகத்தை விழுத்தும். கிராம அலுவலர் தரும் படிவத்தைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்துவிடாமல், குடும்பத் தலைவர்களே நிரப்ப வேண்டும். பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும்போது தம் பெயரை மட்டுமன்றி அயலவரின் பெயரையும் பார்த்தல் நன்று. தமிழர் முஸ்லிமின் பெயரையும், முஸ்லிம் தமிழரின் பெயரையும் பார்த்துச் சொல்லும் நிலை ஏற்படுமாயின், 1990 ஆம் ஆண்டு அறுந்த உறவின் ஓர் இழையேனும் மீண்டும் முடியப்படும்.

முதலாளி தன் கொப்பியில் யாரை வைத்திருப்பது என்பது அவரது விருப்பம். நாட்டின் இடாப்பு அத்தகையதன்று. அதில் பெரிய வாடிக்கையாளர், சிறிய வாடிக்கையாளர் என்ற பேதமில்லை. தேர்தல்கள் ஆணைக்குழு அடுத்த திருத்தத்தை மேற்கொள்ளும்போது இதனைக் கருத்திற்கொள்ளும் என எதிர்பார்க்கின்றோம்.