முண்டாசும் தலைக்கவசமும்: பேராக் கட்டுமானத் தளங்களின் பழம்பொருள்கள்

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் அஞ்சல்தலை, நாணயம், பித்தளைக் குத்துவிளக்கு ஆகியவைதாம் நம் நினைவுக்கு வரும். கட்டடத் தொழிலாளி தலையில் அணிந்த தொப்பியை யாராவது சேகரிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் சேகரிக்கிறார்கள். பெரிய அணைகளிலும் பாலங்களிலும் வேலை செய்தவர்களின் தொப்பிகளை அங்கே விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் பேராக்கில் அப்படித் தேடப் புறப்பட்டால் என்ன கிடைக்கும்?

முதலில் பத்து காஜாவுக்குப் போவோம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் தம் ரப்பர் தோட்டத்தில் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகைதான் கெல்லிஸ் காசல். செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. வேலையாள்களும் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஸ்பானியக் காய்ச்சல் பரவி அவர்களுள் பலர் மாண்டனர். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று மற்றவர்கள் கேட்க, ஸ்மித் இசைந்தார். அந்தக் கோயிலில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பதை இன்றும் காணலாம். 1926இல் ஸ்மித் லிஸ்பனில் காலமானார். மாளிகை முடிவு பெறாமலே நின்றுபோனது.

அந்தச் சிலையின் தொப்பியைக் கவனியுங்கள். அக்காலத் துரைமார் அணிந்தது நெட்டித் தொப்பி. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவி ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்வார்கள். அது வெயிலைத் தடுக்கும். மேலிருந்து செங்கல் விழுந்தால் தடுக்காது. சாரத்தில் ஏறிய நம்மவர் தலையில் அதுவும் இல்லை, வெறும் முண்டாசுதான். கல்லும் சாந்தும் சுமந்தவர் தலையில் சும்மாடு. சேகரிப்பவனுக்கு இங்கேதான் சிக்கல். மாலையில் முண்டாசு துண்டாகிவிடும். துண்டு கிழிந்தால் கரித்துணி. துரையின் தொப்பி கண்ணாடிப் பேழைக்குப் போகும், சும்மாடு அடுப்பங்கரையோடு சரி.

ஈப்போ இரயில் நிலையம் 1917இல் கட்டி முடிக்கப்பட்டபோதும் இன்று நாம் அறிந்த கடினத் தொப்பி சந்தைக்கு வரவில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய எட்வர்டு புல்லார்டு என்ற அமெரிக்கர், போர்வீரரின் இரும்புக் கவசத்தை மனத்தில் கொண்டு, 1919இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு தொப்பி செய்தார். கித்தான் துணியை ஆவியில் வேகவைத்து, பசை தடவி, கறுப்புச் சாயம் பூசியது அது. 1933இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலத்தில் தொப்பி கட்டாயமாக்கப்பட்டது. பாலத்தின் கீழே வலையும் கட்டினார்கள். அந்த வலை 19 பேரைக் காப்பாற்றியது. ஆனாலும் 11 பேர் இறந்தனர். பிறகு அலுமினியத் தொப்பி, கண்ணாடியிழைத் தொப்பி, 1950களில் பிளாஸ்டிக் எனப் பொருள் மாறிக்கொண்டே வந்தது.

ஒரு தொப்பி கையில் கிடைத்தால் அதன் வயதை எப்படி அறிவது? கவிழ்த்துப் பாருங்கள். பல பிளாஸ்டிக் தொப்பிகளின் உட்புறத்தில் சிறிய கடிகாரம் போன்ற வட்டம் இருக்கும். நடுவில் ஆண்டின் கடைசி இரு எண்கள். அம்புக்குறி மாதத்தைக் காட்டும். சிரிம் முத்திரை இருந்தால் அது 1975க்குப் பிந்தியது, ஏனெனில் அந்நிறுவனமே அவ்வாண்டில்தான் அமைந்தது. உள்வார் தோலா, பருத்தி நாடாவா, பிளாஸ்டிக்கா என்பதும் ஒரு தடயம். ஆனால் வாரை மட்டும் நம்பிவிட வேண்டாம், அது அடிக்கடி மாற்றப்படும்.

என் சேகரிப்பின் முதல் தொப்பி பாசார் காராட்டில் வாங்கியதன்று. தோட்டம் துண்டாடப்பட்ட பின் என் தாத்தா ஈப்போவில் கட்டட வேலைக்குப் போனார். அவருடைய மஞ்சள் தொப்பி பாட்டியின் கோழிக் கூண்டருகே தீவனக் கிண்ணமாகக் கிடந்தது. உள்ளே 83 என்ற எண். பக்கத்தில் ஆணியால் கீறிய 'மு' என்ற எழுத்து. "தொப்பிக் காசை வாரக் கூலியில பிடிச்சிட்டாங்கப்பா, அதான் பேரைக் கீறி வச்சாரு" என்றார் பாட்டி. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்த பிறகு அப்படிப் பிடிக்க முடியாது. சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்திற்கு முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று அதன் 26ஆவது பிரிவு சொல்கிறது. தாத்தாவுக்கு அது தெரியாமலே போயிற்று.

சேகரிக்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். பழைய தொப்பியை ஒருபோதும் வேலைக்கு அணியாதீர்கள். வெயில்பட்ட பிளாஸ்டிக் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நொறுங்கிவிடும். பழைய கொதிகலன் அறைகளில் கிடைக்கும் வெண்சாம்பல் நிறக் கையுறைகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு, தொடவே வேண்டாம். தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். பெயர், கீறல், சுண்ணாம்புக் கறை ஆகியவற்றை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக்தான்.

முன்னாள் மாணவர்கள் வீட்டில் இப்படி ஏதேனும் கிடந்தால், தூக்கி எறியும் முன் ஒரு படம் எடுங்கள். யார் அணிந்தது, எந்தக் கட்டடத்தில், எந்த ஆண்டில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதித் தொப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.