பல்லைக் குற்றம் சொல்லுமுன்

கன்னம் வலித்தால் பல், நெற்றி வலித்தால் சைனஸ், கண்ணுக்குப் பின்னால் வலித்தால் கண்ணாடி மாற்றவேண்டும். நம் வீடுகளில் தீர்ப்பு இப்படித்தான் வரும். ஆனால் இந்த மூன்று வலியையும் சுமப்பது ஒரே முக்கிளை நரம்பு. நெற்றியும் கண்ணும் ஒரு கிளைக்கு, மேல்தாடை ஒன்றுக்கு, கீழ்த்தாடை ஒன்றுக்கு. மூன்றும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. மேல்கழுத்து நரம்புகளும் அங்கேயே வந்து கலக்கின்றன. சேதி எந்த வாசல் வழியாக வந்தது என்று மூளை தடுமாறுகிறது. நல்ல பல்லைப் பிடுங்கியும் வலி நிற்காமல் போவது இதனால்தான்.

இப்படிக் குழப்பும் வலிகளில் ஒன்றைப் பிரித்துக் காட்டியவர், ஒஸ்லோவின் ரிக்ஸ்ஹொஸ்பிடலெட் மருத்துவமனையில் இருந்த ஒத்தார் ஷோஸ்தாத் என்ற நரம்பியல் மருத்துவர். சக மருத்துவர் டாலெவுடன் சேர்ந்து 1974இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தலைப்பில் 'புதிய' என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி. இன்று யார் அப்படித் தயங்குகிறார்கள்! அவர்கள் விவரித்த வலி எப்போதும் ஒரே பக்கம்தான், கண்ணையும் பொட்டையும் சுற்றி. 2 முதல் 30 நிமிடம் உயிரை வாங்கிவிட்டு அடங்கும். ஒரே நாளில் ஐந்து முறைக்கு மேல் திரும்பி வரும். அந்தப் பக்கத்துக் கண் மட்டும் சிவந்து நீர் வடியும், மூக்கு ஒழுகும்.

கிளஸ்டர் தலைவலியும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் அது மூன்று மணி நேரம்வரை நீளும். இன்னொரு வேறுபாடும் உண்டு: மூட்டுவலிக்குக் கொடுக்கும் இண்டோமெதசின், ஷோஸ்தாத் கண்ட வலியை முற்றாக நிறுத்தியது, கிளஸ்டரிடம் அந்த மாயம் பலிக்காது. வேறு காரணங்களை விலக்கத்தான் ஸ்கேன். நோயைக் காட்டிக்கொடுப்பது நேரக் கணக்கும் மாத்திரைக்குக் கிடைக்கும் பதிலும்தான். கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலியை 1983இலும், விடாது நீடிக்கும் ஒருபக்க வலியை 1984இலும் பிரித்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

ஆகவே வைத்தியர் அறையில் "தாங்க முடியேல்லை டொக்டர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நிமிடம், நாளுக்கு எத்தனை தரம், எந்தப் பக்கம், கண் கலங்குகிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடி, காதோரம் 'டக்' என்று கேட்டால் அது பெரும்பாலும் தாடை மூட்டின் வேலை. பயிற்சியும் இரவில் மாட்டும் பல்லுறையும் உதவலாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி வந்து, உணவை மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையையே பறித்துவிடும். நோர்வே உள்ளிட்ட ஸ்கண்டினேவிய நாடுகளில் இது மற்ற இடங்களைவிட அதிகம்.

வீட்டில் கிடக்கிறதே என்று இண்டோமெதசினை எடுத்து விழுங்கவும் கூடாது. வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் கூடவே வயிற்றுக்கும் மருந்து தருவார்கள். அதே குடும்பத்து இபுப்ரோஃபன் ஏன் ஷோஸ்தாத் கண்ட வலியை இப்படி நிறுத்துவதில்லை? 50 ஆண்டு கடந்தும் இதற்கு உறுதியான விடை யாரிடமும் இல்லை.