பாராசிட்டமாலும் டைலெனாலும்: ஒரு மருந்தின் மூன்று பெயர்கள்

கிரிவலத்துக்கென அமெரிக்காவிலிருந்து ஊர் வரும் பிள்ளைகள், பெற்றோருக்காக டைலெனால் மாத்திரைப் புட்டியைக் கொண்டுவருவதுண்டு. அதன் மீது அசிட்டமினோஃபென் என்று அச்சிடப்பட்டிருக்கும். நம் வீட்டிலுள்ள டோலோ, கால்பால், குரோசின் அட்டைகளிலோ பாராசிட்டமால் என்றிருக்கும். பெயர் வேறாதலால் மருந்தும் வேறெனக் கருதி, காய்ச்சலுக்கு ஒன்றும் மூட்டுவலிக்கு மற்றொன்றுமாக உட்கொள்வோர் உளர். உண்மையில் இரண்டும் ஒரே மருந்து.

இதன் வேதியியற் பெயர்களுள் ஒன்று பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். இந்நெடும்பெயரிலிருந்து பாரா, அசிட், அம், ஆல் என்னும் துண்டுகளைக் கோத்தால் பாராசிட்டமால். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள பெயர் இதுவே. 'பாரா'வை விடுத்து இடைப்பகுதியை எடுத்துக்கொண்டால் அசிட்டமினோஃபென். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது வழக்கு. அசிட்டைலின் 'டைல்', ஃபீனாலின் 'ஈனால்' என்னும் வால்களை ஒட்டியது, 1955இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டைலெனால்.

துண்டுகளுக்கும் பழங்கதைகள் உண்டு. 'அசிட்' என்பது காடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 'அமினோ'வின் கதை இன்னும் சுவையானது. லிபியப் பாலைவனத்தில் ஆமோன் தெய்வத்தின் கோயிலருகே கிடைத்த உப்பை உரோமர் அத்தெய்வத்தின் பெயராலேயே வழங்கினர். பின்னாளில் அப்பெயர் நம் சித்த மருத்துவர் நன்கறிந்த நவச்சாரத்துக்கு வந்தது; அதிலிருந்து பெறப்படும் வாயு அம்மோனியா ஆயிற்று; அம்மோனியாவிலிருந்து பிறந்தது 'அமினோ'. மளிகைக்கடை முதல் மருந்துக்கடை வரை அண்ணாமலையார் பெயரைக் காணும் நமக்கு இது புதுமையன்று.

பெயர்க்குழப்பத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 650 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை உட்கொள்பவர், இடையிடையே 500 மில்லிகிராம் டைலெனாலை இரண்டிரண்டாக மும்முறை எடுத்தால் மொத்தம் 4,950 மில்லிகிராம். வளர்ந்தோருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமே மேல்வரம்பு. எடை குறைந்தோர்க்கும், கல்லீரல் நோயுற்றோர்க்கும், மது அருந்துவோர்க்கும் அதுவும் மிகுதியாகலாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இம்மருந்து கலந்திருப்பதை மறவாதீர்கள்.

அளவு மிஞ்சினால் கல்லீரல் பழுதுறும். முதல் நாளில் அறிகுறி ஏதும் தோன்றாமலும் இருக்கலாம். ஆதலின் அறிகுறிக்காகக் காத்திருத்தல் கூடாது. மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் செலுத்தினால் அது மிகச் சிறப்பாகப் பயனளிக்கும். மிகுதியாக உட்கொண்டதாக ஐயம் எழுந்தவுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மாத்திரை அட்டைகளையும் புட்டிகளையும் தவறாது உடன் கொண்டுவாருங்கள்.