மலைப்பாதையில் வீட்டு மோட்டாரும் டயர்க் காற்றும்

டயருக்குள் எவ்வளவு காற்று இருத்தல் வேண்டும் என்பது சிறியதொரு கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும், போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1000 மீட்டர் உயர்ந்து போடிமெட்டை அடைந்து, மீண்டும் அவ்வழியே இறங்கும் கனமான வண்டிக்கு அஃது உயிர்ப் பிரச்சினையாகும். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது; 2022-இல் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த வாகமண்ணில் இவ்வண்டிகளுக்கெனத் தங்குமிடம் திறக்கப்பெற்றது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவற்றையும் சுமந்து செல்லும் வீட்டு மோட்டாரே கேரவன் எனப்படுவது. அதன் டயர்களுக்குரிய அழுத்தத்தைக் கணிக்கும் முறையை இங்குக் காண்போம்.

வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பரன்று, அதனுள் அடைபட்ட காற்றேயாகும். ஒரு சக்கரத்தின்மீது 1000 கிலோ, அதாவது சுமார் 2200 ராத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 65 ராத்தலாயின், டயர் தரையில் ஏறக்குறைய 34 சதுர அங்குலம் பதிந்து நிற்கும். அழுத்தம் 45 ராத்தலாகக் குறைந்தால் 49 சதுர அங்குலம் பதிந்தாக வேண்டும். அதன்பொருட்டு டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக வளைந்து நிமிர்கின்றது. இவ்வளைவினால் உஷ்ணம் பெருகி, ரப்பர் தன் உள்ளிழைகளினின்றும் பிரிந்து, இறுதியில் டயர் வெடிக்க நேரிடும். காற்று மிகுந்தாலோ பதியும் பரப்பு சுருங்கும். டயரின் நடுப்பகுதி விரைவில் தேயும். ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும்.

ஆகவே, சரியான அழுத்தத்தை நிர்ணயிப்பது பாரமே. டயரின் பக்கத்தில் அதிகபட்சப் பாரத்தோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டுள்ள அழுத்த எண், எல்லா வண்டிக்கும் எக்காலமும் பொருந்தும் அளவன்று. தண்ணீர், எரிபொருள், சாமான்கள், பிரயாணிகள் அனைத்துடனும் வண்டியை எடை மேடையில் நிறுத்தி, முன் அச்சின் பாரத்தையும் பின் அச்சின் பாரத்தையும் தனித்தனியே அறிய வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ எடையுள்ளது என்பதை மறத்தலாகாது. அத்தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருப்பின், பின் அச்சின் பாரம் தண்ணீரின் எடையைக் காட்டிலும் அதிகமாக உயரும். முன் அச்சின் பாரம் குறையும். பாரத்தை அறிந்தபின், டயர் உற்பத்தியாளரின் அட்டவணையில் அப்பாரத்திற்குரிய அழுத்தத்தைக் காணலாம். இரு பக்கங்களின் பாரம் வேறுபட்டால் மிகுந்த பக்கத்தையே கணக்கிற் கொண்டு, ஓர் அச்சிலுள்ள எல்லா டயர்களுக்கும் ஒரே அழுத்தம் அளித்தல் வேண்டும். வண்டியை உற்பத்தி செய்தவர் குறித்துள்ள அளவுக்குக் கீழே செல்வது தகாது.

அட்டவணை காட்டுவது குளிர்ந்த டயரின் அழுத்தமாகும். வண்டி சில மணி நேரம் நிழலில் நின்றபின், புறப்படுமுன் அளப்பதே முறை. 27 டிகிரியில் 65 ராத்தல் காட்டும் டயர், ஓட்டத்தினால் 60 டிகிரியை எட்டும்போது ஏறக்குறைய 74 ராத்தல் காட்டும். இவ்வுயர்வு எதிர்பார்க்கப்பட்டதே. இதைக் கண்டு அஞ்சிக் காற்றை வெளியேற்றி 65-க்குக் கொணர்ந்தால், டயர் குளிர்ந்தபின் 57 ராத்தலே எஞ்சும். மறுநாட்பயணம் குறைந்த காற்றுடன் தொடங்கும். மலையிறக்கத்தில் பிரேக்குகளின் சூடு சக்கரத்தின் வழியே டயரைச் சேருமாதலால் இந்தக் குறை மேலும் அபாயகரமானது. எனவே, இறங்குகையில் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தி, பிரேக்கின் வேலையைக் குறைத்தல் நன்று.

உயரத்தின் விளைவும் கவனிக்கத்தக்கது. அழுத்தமானி, டயரின் உள்ளழுத்தத்திற்கும் வெளிக்காற்றின் அழுத்தத்திற்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டுகிறது. 1000 மீட்டர் ஏறும்போது வெளியழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை ராத்தல் குறைவதால், மானியின் அளவு அவ்வளவு கூடும். ஆனால், அடிவாரத்தில் 35 டிகிரியில் 65 ராத்தல் நிரப்பிய டயர், மலைமேல் 15 டிகிரிக் காலைக் குளிரில் ஏறக்குறைய 5 ராத்தலை இழக்கும். ஆகவே மானி 61 அல்லது 62 ராத்தல் காட்டும். இது காற்றுக் கசிவன்று. மலையிலேயே சில நாட்கள் தங்கிப் பயணம் செய்வோர் காலையில் குறையை நிரப்பிக்கொண்டு, சமவெளியை அடைந்த மறுநாட்காலை மீண்டும் அளந்து சரிசெய்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே சைக்கிளைக் கொண்டு விளக்கலாம். பின் டயரின் அடிப்பகுதியில் மை தடவி, கட்டங்கள் வரைந்த தாளின்மீது மெல்ல இறக்கி, ஒரு மாணவனை அசையாமல் அமரச் செய்யவேண்டும். அவன் இறங்கியபின் சைக்கிளை நேரே மேலே தூக்கி, மை பதிந்த கட்டங்களைக் கொண்டு பரப்பைக் கணக்கிடலாம். அப்பரப்பைச் சதுர அங்குலத்திற்குரிய காற்றழுத்தத்தால் பெருக்கினால், அச்சக்கரம் தாங்கும் பாரம் தோராயமாகக் கிடைக்கும். காற்றைச் சிறிது குறைத்து மீண்டும் சோதித்தால் சுவடு பெரிதாவதை மாணவர்கள் கண்கூடாகக் காண்பர். பாரத்தை அறியாமல் காற்றை அடைப்பது ஏன் தவறு என்பது அப்பொழுது அவர்களுக்குத் தானே விளங்கும்.