முடிவு தெரிந்த கதையை மீண்டும் படிப்பது ஏன் இனிக்கிறது? 'சிவகாமியின் சபதம்' சொல்லும் காரணம்

"ஏற்கனவே படிச்ச புத்தகம்தானே, மறுபடியும் எதுக்கு?" பிடித்த நாவலை இரண்டாவது முறை கையில் எடுப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கான பதிலை அனகாபுத்தூர் பக்கத்தில் இருந்தே தொடங்கலாம்.

அனகாபுத்தூரில் இருந்து பம்மலைத் தாண்டினால் பல்லாவரம். அங்குள்ள குன்றில், இன்று தர்காவாக இருக்கும் குடைவரை மகேந்திரவர்ம பல்லவர் காலத்தில் வெட்டப்பட்டது. அவரது பட்டப்பெயர்கள் அங்கே கல்வெட்டாக உள்ளன. அதே மகேந்திரர்தான் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலிலும் வருகிறார். 1944 முதல் 1946 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த கதை இது.

(நாவலைப் படிக்காதவர்கள் கவனிக்க: இனி முடிச்சுகள் அவிழும்!)

இரண்டாவது முறை என்ன மாறுகிறது?

ஓலையோடு வடக்கே போகும் பரஞ்சோதிக்கு வழியில் வஜ்ரபாகு என்ற வீரன் துணை சேர்கிறான். அவன்தான் மாறுவேடத்தில் இருக்கும் மகேந்திரர் என்பது முதல் வாசிப்பில் நமக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு படித்தால், வஜ்ரபாகுவின் ஒவ்வொரு பேச்சுக்கும் இன்னொரு அர்த்தம் கிடைக்கிறது. 'அடுத்து என்ன?' என்ற பதற்றம் போய், 'எப்படி மறைத்தார்?' என்ற ரசனை வருகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது?

2011ல் அமெரிக்காவின் சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தனர். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள், அந்தக் கதைகளை அதிகமாகவே ரசித்தனர். பின்னர் வந்த சில ஆய்வுகளில் முடிவு வேறு மாதிரியும் வந்திருக்கிறது. ஆனாலும், சஸ்பென்ஸ் போனால் கதையே போச்சு என்று சொல்லிவிட முடியாது.

வயதும் ஒரு காரணமா?

ஆம். வாதாபி எரிந்தால்தான் திரும்புவேன் என்ற சிவகாமியின் சபதம், பள்ளி வயதில் வீரமாகத் தெரியும். நாற்பதில் படிக்கும்போது, அந்தச் சபதம் நிறைவேற ஆன ஆண்டுகளும், அதற்குள் வேறு திருமணம் செய்துகொண்ட நரசிம்மரும், மகளைப் பிரிந்த ஆயனரும்தான் கண்ணில் படுகிறார்கள். புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. படிப்பவர்தான் மாறியிருக்கிறார்.

எங்கே கிடைக்கும்?

கல்கியின் எழுத்துகள் 1999ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் பல பதிப்பகங்கள் இந்த நாவலை வெளியிட்டுள்ளன; இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். முழுவதும் படிக்க நேரம் இல்லையா? வஜ்ரபாகு வரும் அத்தியாயங்களில் இருந்து தொடங்கலாம். கதைதான் ஏற்கனவே தெரியுமே!